ஏர் பிடித்த கையில் மீண்டும் புத்தகம்

இடையில் நின்ற படிப்பைத் தொடர விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

2022 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழுள்ள கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். கையில் 80 பக்கக் கொப்பி ஒன்று. அதற்குள் மடித்து வைத்திருந்த இரண்டு அடகுத் துண்டுகள்.

“பாதர், நான் படிப்பை விடப்போறன். வீட்டில இன்னும் சொல்லேல்ல. உங்களிட்டத்தான் முதல் சொல்லுறன்” என்றார்.

அவர் ஒரு முன்பள்ளி ஆசிரியை. கணவருக்கு மூன்று ஏக்கர் வயல். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். 2008 இல் மாந்தைப் பகுதியிலிருந்து பெற்றோருடன் புறப்பட்டவர், கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஓடி, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் போய்ச் சேர்ந்தவர். அந்த முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினார். மூன்று பாடங்களிலும் சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளி எட்டவில்லை. ஊர் திரும்பிய பின் திருமணம், பிள்ளைகள், வயல் என்று ஆண்டுகள் ஓடின. 2021 இல் தமது 31 ஆவது வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தார். ஓராண்டுக்குள் இந்த நிலை.

நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதற் பக்கத்தில் “படிப்புச் செலவு” என்று தலைப்பிட்டு ஒரே ஒரு தொகையை எழுதியிருந்தார். அது பதிவுக் கட்டணம். மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவரது துன்பத்தின் காரணம் அந்த வெறும் பக்கங்களில்தான் இருந்தது என்பது பின்னர் இருவருக்கும் விளங்கியது.

இக்கட்டுரை அந்தச் சகோதரியைப் போன்றவர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் எழுதப்படுகிறது.

பிந்திப் படிப்பவர்கள்

எமது மாவட்டங்களில் முப்பது, நாற்பது வயதில் மீண்டும் படிக்க விரும்புவோர் பலர். அவர்கள் சோம்பலால் பிந்தியவர்கள் அல்லர். 1990 இலும், வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிய 1995 ஒக்ரோபரிலும், வன்னி மக்கள் அலைந்த 2008, 2009 ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்தவர்கள் வீட்டையும் வயலையும் இழந்தது போலவே பள்ளிக்கூட ஆண்டுகளையும் இழந்தார்கள். வீடு கட்ட ஏதோ ஒரு திட்டம் வந்தது. காணி சிலருக்குத் திரும்பியது, சிலருக்கு இன்னும் திரும்பவில்லை. இழந்த பள்ளி ஆண்டுகள் பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவற்றை ஒவ்வொருவரும் தாமாகவே மீட்க வேண்டியிருக்கிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 18 வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்த்துக்கொள்கிறது. உயர்தரம் சித்தியடையாதவர்கள் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றில் தொடங்கி மேலே செல்லலாம். சில கற்கைநெறிகளைத் தமிழில் படிக்கலாம், வேறு சில ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போன்றவை வெளிவாரிப் பட்டங்களை நடத்துகின்றன. இடம்பெயர்வில் சான்றிதழ்களை இழந்தவர்கள் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகம் மூலமும் மீண்டும் பெறலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 1945 இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நேரடியாகத் தெரிவாகும் மாணவருக்கும் உரியது. திறந்த பல்கலைக்கழகத்திலும் வெளிவாரிப் பட்டத்திலும் படிப்பவர் தமது கட்டணத்தைத் தாமே கட்ட வேண்டும். பிந்தி வருபவர் காசோடு வர வேண்டும் என்பதே நடைமுறை. ஆகவே படிப்பைப் பற்றிய பேச்சு வீட்டுக் கணக்கில் இருந்தே தொடங்க வேண்டும்.

கட்டணம் மட்டும் செலவு அல்ல

அன்று மாலை அந்தச் சகோதரியோடு இருந்து கொப்பியின் இரண்டாம் பக்கத்தை எழுதினோம். அவருடைய சொந்தத் தொகைகளை இங்கே தரவில்லை. கணக்குப் பழகுவதற்காக வேறு தொகைகளை எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தொகைகளை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஓர் ஆண்டுக்கு:
பதிவும் பாடக் கட்டணமும் - 50,000 ரூபா
வகுப்புக்குப் போகும் 24 நாட்களின் பஸ் காசும் சாப்பாடும், நாளுக்கு 800 வீதம் - 19,200 ரூபா
டேட்டா, போட்டோக்கொப்பி, கொப்பி பேனை, மாதம் 1,500 வீதம் - 18,000 ரூபா
அந்த 24 நாட்களும் இழக்கும் கூலி, நாளுக்கு 2,000 வீதம் - 48,000 ரூபா
பரீட்சைக் காலத்தில் வேலைக்குப் போகாத 10 நாட்கள் - 20,000 ரூபா
மொத்தம் - 155,200 ரூபா

50,000 ரூபா கட்டணம் இந்த மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கட்டணத்தை மட்டும் தேடிக்கொண்டு படிப்பைத் தொடங்குபவர், மிகுதி இரண்டு பங்கையும் எங்கிருந்து எடுப்பார்? மளிகைக் கடைக் கொப்பியில் இருந்தும், பிள்ளையின் சப்பாத்துக் காசில் இருந்தும், கழுத்துச் சங்கிலியில் இருந்தும் எடுப்பார். எடுப்பதை உணராமலே எடுப்பார்.

கூலி இழப்பைச் செலவாக எழுத எமது மக்கள் பழகவில்லை. தன் வயலில் தானே வேலை செய்பவருக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆனால் நீங்கள் களை பிடுங்காத நாளில் வேறொருவரைக் கூப்பிட்டால் அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் களை வளரும், விளைச்சல் குறையும். இரண்டும் இழப்புத்தான். வீட்டில் சமைப்பதும் மாடு பார்ப்பதும் தண்ணீர் கட்டுவதும் அப்படியே.

பணம் வரும் மாதமும் போகும் மாதமும்

மாதச் சம்பளக்காரர் படிப்பதற்கும் கமக்காரக் குடும்பத்தில் ஒருவர் படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எமக்கு மாசி பங்குனியில் காலபோக நெல் விற்ற காசு வரும். குளத்தில் நீர் இருந்து சிறுபோகத்துக்குப் பங்கு கிடைத்தால் ஆவணி அளவில் இன்னும் கொஞ்சம் வரும். மற்ற மாதங்களில் கையில் இருப்பது குறையும். ஐப்பசியில் உழவு, விதைப்பு, பசளை என்று காசு போகத் தொடங்கும்.

பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி எமது போகத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. பதிவுக்குரிய இறுதி நாள் விதைப்பு மாதத்தில் வந்தால் அதே காசுக்கு வயலும் படிப்பும் போட்டியிடும். பரீட்சை அறுவடை வாரத்தில் வந்தால் அதே ஆளுக்கு இரண்டும் போட்டியிடும். எனவே பதிவு செய்யுமுன் மூன்று நாட்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கட்டணம் கட்டும் நாள், வகுப்புகள் வரும் நாட்கள், பரீட்சை வரும் மாதம். அவற்றை உங்கள் வயல் வேலை மாதங்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கட்டணத்தைத் தவணையாகக் கட்ட இடமுண்டா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கள் சகோதரிக்கு 2021 இல் நடந்தது இதுதான். பதிவுக் கட்டணத்துக்காக முதல் நகையை அடகு வைத்தார். அறுவடையில் மீட்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் பயிருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் யூரியா கிடைக்கவில்லை. 2022 மாசியில் மூன்று ஏக்கரும் வழக்கமான விளைச்சலைத் தரவில்லை. அத்தோடு தொற்றுநோய்க் காலத்தில் வகுப்புகள் தொலைபேசியில் நடந்தன. வீட்டில் இருந்த ஒரே தொலைபேசி மகனின் பாடத்துக்கும் தேவைப்பட்டது. இரண்டாவது தொலைபேசி வாங்கக் கழுத்துச் சங்கிலி போனது. அது கணவருக்குத் தெரியாது.

அதற்குப் பின் வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். 2022 இல் எரிபொருளுக்கு வரிசை. பஸ் கட்டணம் ஒரே ஆண்டில் பல தடவை உயர்ந்தது. ஒரு மூடை யூரியா 10,000 ரூபாவையும் கடந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அத்தனை வீடுகளும் தடுமாறிய காலத்தில், கணக்கு எழுதாத படிப்பு எப்படி நிலைக்கும்?

தொடக்கூடாத மூன்று

படிப்புக்காக எதை விற்றாலும் பரவாயில்லை என்று எமது சமூகத்தில் ஓர் எண்ணம் உண்டு. அது கல்வியின் மீதுள்ள மதிப்பால் வருவது. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்களும் எமது முன்னோரே. மூன்றைத் தொட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அடுத்த போகத்துக்கான விதைநெல்லும் உழவுக் காசும். அதைத் தின்றால் வரும் ஆண்டின் படிப்புக்கும் காசு இல்லாமற் போகும்.

இரண்டாவது, காணி உறுதி. எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்து, எத்தனையோ கந்தோர்களில் ஏறி இறங்கிப் பெற்ற பத்திரத்தை ஒரு பட்டத்துக்காக ஈடு வைக்க வேண்டாம். பட்டம் பெற்றால் வேலை நிச்சயம் என்று யாரும் உறுதி தர முடியாது. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்து போராடியதை மறந்துவிடக் கூடாது. அரச நியமனங்களுக்கு வயதெல்லையும் உண்டு. 31 வயதில் தொடங்கி ஆறு ஆண்டு படிப்பவர் 37 வயதில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. தாயோ தந்தையோ படிக்கும் ஆண்டில் பிள்ளை வகுப்புக்குப் போகாமல் நின்றால், எமது இழப்பையே பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்த மூன்றையும் தொடாமல் இந்த ஆண்டு படிக்க முடியாது என்றால் அடுத்த ஆண்டு தொடங்குங்கள். பன்னிரண்டு ஆண்டு பொறுத்தவருக்கு இன்னும் ஓர் ஆண்டு பெரிதல்ல.

வட்டியை விளங்கிக்கொள்ளுங்கள்

கடன் வாங்கியே ஆக வேண்டிய நிலை வரலாம். அப்போது இரண்டு கணக்குகள் தெரிந்திருக்க வேண்டும்.

நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபா என்று ஊரில் தரும் வட்டி சிறிதாகத் தோன்றும். ஓர் ஆண்டுக்கு அது நூற்றுக்கு 60. 20,000 ரூபா வாங்கி இரண்டு ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் 24,000 ரூபா போகும். முதல் அப்படியே நிற்கும்.

அடுத்தது நுண்கடன். 60,000 ரூபா, ஆண்டுக்கு 24 வீதம், 12 மாதத் தவணை என்று சொல்வார்கள். வட்டி 14,400 ரூபா. மாதம் 6,200 ரூபா கட்ட வேண்டும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஆறாம் மாதம் முடியும்போது பாதிக் கடனைத் தீர்த்துவிட்டீர்கள். அப்படியிருந்தும் முழு 60,000 ரூபாவுக்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் மீதிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு 40 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. ஆகவே எங்கு கடன் கேட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “வட்டி முழுத் தொகைக்கா, குறையும் மீதிக்கா?” 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணத் திட்டம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. வாரத் தவணைக் கடனும் போகத்துக்கொரு தடவை வரும் வருமானமும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

இதைவிடப் பாதுகாப்பான வழிகள் எமது ஊர்களில் பழைமையானவை. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911 இலேயே சட்டம் வந்தது. உங்கள் ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் இயங்கினால், கடன் தேவைப்படுவதற்கு முன்பே அங்கத்தவராகிச் சேமிக்கத் தொடங்குங்கள். சீட்டுப் பிடிப்பவர்கள் பதிவுக் கட்டணம் கட்டும் மாதத்துக்குச் சீட்டைக் கேட்டு ஒழுங்கு செய்யலாம். ஆனால் முந்தி எடுக்கும் சீட்டும் கடன்தான் என்பதை நினைவில் வைத்திருங்கள். 2023 முதல் வழங்கப்படும் அஸ்வெசும போன்ற உதவிப் பணத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது சாப்பாட்டுக்கானது. அடுத்த ஆண்டும் வரும் என்பதற்கும் உறுதியில்லை.

பாயில் விரித்த கணக்கு

அந்தச் சகோதரிக்கு நான் கொடுத்த ஆலோசனை ஒன்றுதான். “படிப்பை விடுறதா இல்லையா எண்டதை இண்டைக்குத் தீர்மானிக்க வேண்டாம். இந்தக் கொப்பியையும் இரண்டு துண்டையும் கொண்டுபோய் வீட்டுப் பாயில் வையுங்கோ. அவரும் பார்க்கட்டும், மாமியும் பார்க்கட்டும்.”

அவர் பயந்தார். பயந்தது நியாயமே. சங்கிலி விடயம் தெரிந்ததும் கணவர் இரண்டு நாள் பேசவில்லை என்று பின்னர் சொன்னார். மூன்றாம் நாள் அவரே கொப்பியை எடுத்து, தன்னுடைய உழவுச் செலவையும் உழவு இயந்திரக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய மீதியையும் அதில் எழுதினாராம். அவரும் ஒரு கடனை மனைவிக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். ஒரே வீட்டில் இருவர் இருவேறு கடன்களை ஒளித்து வைத்து, இருவரும் தனித்தனியே வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல.

அந்த ஆண்டு அவர் புதிதாகப் பாடம் எதற்கும் பதிவு செய்யவில்லை. 2023 மாசியில் நெல் விற்றவுடன் காசை மூன்றாகப் பிரித்தார்கள். முதற் பங்கு அடுத்த போகத்துக்கு. இரண்டாம் பங்கு வீட்டுக்கும் கடனுக்கும். மூன்றாம் பங்கு படிப்புக்கு. மூன்றாம் பங்கில் எவ்வளவு சேர்ந்ததோ அவ்வளவு பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்வது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டு சேர்ந்தது வழக்கமான பாடங்களில் பாதிக்குத்தான் போதுமாக இருந்தது. அவர் பாதியையே எடுத்தார்.

மெதுவாகப் படிப்பதிலும் இழப்பு உண்டு. ஆண்டுகள் கூடினால் ஆண்டுதோறும் கட்டும் பதிவுச் செலவும் கூடும், கட்டணமும் உயரலாம். ஆனால் வேகமாகத் தொடங்கி நடுவழியில் நிற்பவர் கட்டியதையும் இழக்கிறார், மனத்தையும் இழக்கிறார். படிப்பின் வேகத்தை வயல் தீர்மானிக்கட்டும் என்பது அந்த வீட்டில் இப்போது ஒரு சட்டம் போல ஆகிவிட்டது.

வேலையையும் பிரித்தார்கள். வகுப்புக்குப் போகும் சனிக்கிழமைகளில் கணவர் சமைக்கிறார். பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரமும் மாமி பிள்ளைகளைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டாரோடு கைமாற்று வேலை: இவர்கள் அவர்களுக்கு இரண்டு நாள் கதிர் வெட்டிக் கொடுக்க, அவர்கள் பரீட்சை நாளில் இவர்களுக்கு இரண்டு நாள். காசு கைமாறாத இந்த உதவிதான் கணக்கில் பெரிய ஓட்டையை அடைத்தது.

முதல் நகையை மீட்டுவிட்டார்கள். சங்கிலியை மீட்க முடியவில்லை. அது ஏலத்தில் போய்விட்டது. படிப்பு இன்னும் முடியவில்லை. அண்மையில் கண்டபோது, “எப்ப முடியும் எண்டு கேட்காதேங்கோ பாதர். எவ்வளவு கடன் எண்டு கேளுங்கோ. கடன் இல்லை” என்றார். அவர் இப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்பான வாசகர்களே, இடம்பெயர்ந்த காலத்தில் பாணையும் பருப்பையும் பங்கிட்டு உயிர் காத்தவர்கள் நாம். இருப்பதை எல்லோரும் பார்க்க வைத்துப் பங்கிட்டதால்தான் அது போதுமானதாயிற்று. வீட்டில் ஒருவர் மீண்டும் படிக்கும்போதும் அதே பழக்கம் வேண்டும். படிப்பவர் ஒருவராக இருக்கலாம். கணக்கு எல்லோருடையதாகவும் இருக்க வேண்டும்.

குடும்பமாகவும் குழுவாகவும் கலந்துரையாட:

1. எங்கள் வீட்டில் யாருடைய படிப்பு இடம்பெயர்வால் நின்றது? அவர் மீண்டும் படிக்க விரும்புகிறாரா என்று நாம் எப்போதாவது கேட்டோமா?
2. கட்டணம் தவிர, ஓராண்டுப் படிப்புக்கு எங்கள் வீட்டில் என்னென்ன செலவும் இழப்பும் வரும்? எழுதிக் கூட்டிப் பாருங்கள்.
3. வீட்டில் உள்ள கடன்கள் எல்லாம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியுமா?
4. படிக்கும் ஒருவருடைய வேலையை எங்கள் ஊரில் யார் யார் கைமாற்றாகச் செய்து கொடுக்கலாம்?